மகன் வர்ற ஞாயித்துக்கிழமை

மகனோட பொண்ணு, என் பேத்தி, பொறந்தது வெளிநாட்டுல, பெர்த்துல. போன்ல அது பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அதுக்குப் புரியாது. மாத்தி மாத்தி ஹலோ சொல்லிட்டு வெச்சிருவோம். அதான், எங்க பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்துல சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லித் தராங்கன்னதும் போய்ச் சேந்தேன். நான் படிச்சது ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாங்கிளாஸு. அதுலயும் பாதி நாளு தம்பிய இடுப்புல வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னவ.

டீச்சர் போர்டுல ஒரு வரி எழுதுவாங்க. அதே மாதிரி நம்ம வீட்டு விஷயத்த ஒரு வரி சொல்லணும். அன்னிக்கு எழுதினது, 'மை சன் கம்ஸ் எவ்ரி சண்டே.' பக்கத்துப் புடவைக் கடையில வேல பாக்குற கிள்ளான்காரம்மா, தன் புருசன் தெனமும் கொறட்ட விடுறாருன்னு சொல்லுச்சு. எனக்கு மாத்தத் தெரியல. போர்டுல இருந்தத அப்படியே படிச்சுட்டு உக்காந்துட்டேன்.

எல்லாரும் அத நெசம்னு எடுத்துக்கிட்டாங்க. பெர்த்துக்குப் போனவன் திரும்பி வந்ததே இல்லன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம், மகனுக்கு என்ன ஆக்கிப் போட்டீங்கன்னு கேக்குறாங்க. நண்டுன்னேன். வராத மகனுக்கு ஆக்குறதுல ஒரு சொகம், சட்டி கழுவ வேணாம்.

ஆனா ஞாயித்துக்கிழமை காய்கறி வாங்கக்கூட பாசார் பக்கம் தலகாட்ட முடியல. தனியாப் போறத யாராச்சும் பாத்துட்டா? கதவச் சாத்தி, டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுக்கிட்டு, ரெண்டு பேர் இருக்குற வீடு மாதிரி உக்காந்திருப்பேன்.

அப்பத்தான் கிள்ளான்காரம்மா புது வீட்டுல பால் காய்ச்சுறதா சொல்லுச்சு. வகுப்புல வெத்தல பாக்குத் தட்டோட ஒவ்வொருத்தரா கூப்புட்டுக்கிட்டே வந்துச்சு. என்கிட்ட மட்டும் தட்ட நீட்டல.

"கூப்புடணும்னு ஆசதான் அக்கா. ஞாயித்துக்கிழமையாப் போச்சே. மகன் வருவாரு, விட்டுட்டு வாங்கன்னு எப்படி லா சொல்றது?"

பக்கத்துல இருந்தவங்களும் தலையாட்டுனாங்க. ரொம்ப மரியாதையா என்ன விட்டுட்டாங்க. புருசன் செத்துப் போனதுலேர்ந்து என்னக் கண்டா சிரிப்பாங்க, விசேஷத்துக்குக் கூப்புட மாட்டாங்க. கூப்புட நெனச்சது இந்த அம்மா ஒன்னுதான்.

அன்னிக்கு டீச்சர் எடுத்தது, இங்கிலீஷ்ல இல்லன்னு சொல்றதுக்கான பாடம். தன் பூன பால் குடிக்காதுன்னு ஒருத்தர் சொன்னாரு. என் மொற வந்துச்சு. தமிழ்லன்னா சொல்லியிருக்க மாட்டேன். இங்கிலீஷு அடுத்தவங்க பாஷதானே, சுடாதுன்னு எந்திரிச்சேன்.

"மை சன் டஸ் நாட் கம்."

டீச்சர் வெரி குட்னாங்க. ஒரு தப்பும் இல்லியாம்.

கிள்ளான்காரம்மா மட்டும் திரும்பிப் பாத்துச்சு. பாடம் நடக்குறப்பவே தட்டத் தூக்கிக்கிட்டு வந்து என் முன்னால நீட்டுச்சு.

"வெள்ளனவே வந்துருங்க அக்கா. பால் பொங்குறப்ப நீங்க இருக்கணும்."

வெத்தலய எடுத்துக்கிட்டு முந்தானைய இழுத்து மூஞ்சியோட போத்திக்கிட்டேன். குளுருதுன்னு சொல்லிவெச்சேன். மண்டபத்துல அன்னிக்குக் காத்தாடியே ஓடல.