ஆணி இரண்டும் அருகருகே

பழைய கரும்பலகையைக் கழற்றிப் பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். இனி அது வேண்டாமாம். எல்லா வகுப்புக்கும் வெள்ளைப் பலகை வந்துவிட்டது. கழற்றிய பொடியன்கள் விறகுக்குக் கேட்டார்கள். "பொறுங்கோ தம்பி, ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்" என்று நான்தான் மறித்து வைத்திருக்கிறேன். எத்தனை தரம் கறுப்புப் பூசினார்களோ தெரியாது, தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அப்படியிருந்தும் வலப்பக்கப் பாதியில் அந்த இரண்டு ஆணித் துளைகளும் தூர்ந்துபோகவில்லை. கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல்.

துளை போட்டவர் பின்னேர டீச்சர். அவரை எல்லாரும் அப்படித்தான் சொன்னோம்.

அது போர்க்காலம். வடக்கிலிருந்த முஸ்லிம் சனங்களைத் துவக்கோடு வந்தவர்கள் ஊரைவிட்டுப் போகச் சொல்ல, அவர்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் குடில்கள் முளைத்தன. எங்கள் பள்ளிக்கூடத்தை நேரத்தால் இரண்டாகப் பிரித்தார்கள். காலையில் ஊர்ப் பிள்ளைகள், பின்னேரம் முகாம் பிள்ளைகள். ஒரே மேசை, ஒரே கதிரை, ஒரே பலகை. ஒரு பிள்ளையின் சூடு ஆறுமுன்னே இன்னொரு பிள்ளை அதே கதிரையில் இருக்கும். ஆனால் ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாது. நான் உடப்பு ஊரிலிருந்து முதல் நியமனம் பெற்று அங்கே வந்த காலை டீச்சர்.

முதல்நாள் அவரைக் கண்டது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மணி அடித்த பிறகும் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். மெலிந்த, உயர்ந்த ஒரு பெண், தலையில் முக்காடு, பல்லுக்கிடையில் இரண்டு ஆணி, கையில் ஒரு துண்டு நூலும் கல்லும். என்னைக் கண்டு ஆணிகளை எடுத்துவிட்டு ஸலாம் சொல்லப் போனவர், என் பொட்டைப் பார்த்து நிறுத்தினார். இவரைத் துரத்தியவர்கள் பேசிய தமிழைத்தானே நானும் பேசுகிறேன், என்னை என்னவென்று நினைப்பார் என்ற பயம். அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். "பயப்படாதீங்க தங்கச்சி. நாங்க வெளிக்கிட்ட அண்டைக்கி வேலிக்கு மேலால சோத்துப் பார்சல் தந்ததும் பொட்டு வச்ச பொண்டுகள்தான்" என்றார். பிறகு ஆணியைப் பலகையில் வைத்துக் கல்லால் ஒரு குத்து. அன்றிலிருந்து எனக்கு அவர் ராத்தா, அவர்கள் பேச்சில் அக்கா.

ஆணியில் நூலைக் கட்டி, நூலின் நுனியில் வெண்கட்டியைக் கட்டி, ஒரு சுற்று. அடுத்த ஆணியில் இன்னொரு சுற்று. ஒன்றுக்குள் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்கள். ஒன்றின் தலையில் கடல் என்று எழுதினார், மற்றதில் களப்பு, கடலோடு வாய் திறந்த உப்பேரி. கடலில் மட்டும் உள்ளது அங்கே, களப்பில் மட்டும் உள்ளது இங்கே, இரண்டிலும் உள்ளது நடுவில். "ஆணி ரெண்டும் தூரப் போனா வட்டம் முட்டாது, தங்கச்சி. கிட்டவும் அடிக்கப் படாது, ரெண்டும் ஒண்டாப் போயிடும்."

அவருடைய பிள்ளைகளுக்குப் புத்தகமும் இல்லை, பாதிப் பேருக்குக் கொப்பியும் இல்லை. அதனால் ஒரு பாடம் முழுவதையும் ஒரு படமாக்கிவிடுவார். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் பெட்டி பெட்டியாய், பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறியாய் ஓடும். கிணற்றுத் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்ற பாடத்துக்கு மீன்முள் கீறினார். தலையில் கேள்வி, முள்ளுக்கு ஒரு காரணம். "முள்ளெல்லாம் சரியா எடுத்தாத்தான் திங்க ஏலும்" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் கெக்கட்டமிட்டுச் சிரித்தது வெளி மதில்வரை கேட்டது. என் காலை வகுப்பில் புத்தகம் இருந்தது, வாசிக்கச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். சிரிப்பு அவர் வகுப்பில்தான் இருந்தது.

ஏன் ராத்தா எல்லாத்தையும் படமாக் கீறுறீங்கள் என்று ஒருநாள் கேட்டேன். வெண்கட்டித் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெளிக்கிடக்குள்ள எல்லாத்தையும் சோதிச்சுப் பறிச்சாங்க. காதுல கெடந்ததையும் கழட்டச் சொன்னாங்க. என்ட புத்தகமெல்லாம் அலுமாரியோட போச்சு. தலையில இருந்தத மட்டும் யாராலயும் பறிக்க ஏலாமப் போச்சு. புத்தகம் பாரம் தங்கச்சி, படம் பாரமில்ல. இந்தப் புள்ளைகள் இன்னொருக்கா ஓட வேண்டி வந்தா?"

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியது. பலகைதான் அவர்களுடைய ஒரே புத்தகம். அதையும் ஒவ்வொரு பின்னேரமும் அழித்துவிட்டுப் போக வேண்டும். பரீட்சை முடியுமட்டும் வலப்பக்கப் பாதியை அழிக்காமல் விடுவீங்களா என்று கேட்டார். விட்டேன். மறுநாள் காலை என் பிள்ளைகள் பாடத்தைப் பார்க்கவில்லை, வட்டத்தைப் பார்த்தார்கள். நடு வெறுமையாகக் கிடந்தது. களப்புக் கரைப் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்குமா? ஒருத்தி ஓடிப்போய் இறால் என்று எழுதினாள். அடுத்த நாள் பார்த்தால், பின்னேரப் பிள்ளைகள் அதன் கீழே எழுதியிருந்தார்கள்: குஞ்சில் களப்புக்கு வரும், பெரிசானால் கடலுக்குத் திரும்பிப் போகும். முகம் காணாத பிள்ளைகள் பலகையில் கதைக்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கதை வீடுகளுக்குப் போனது. பெற்றார் கூட்டத்தில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் எழும்பினார். "கிணத்துல பாதி குடுத்தாச்சு. தோட்டக் கூலியில பாதி போச்சு. இப்ப பலகையிலயும் பாதியா?" சனம் சிரித்தது. பின்வரிசையில் இருந்த ராத்தா எழுந்து, அண்ணனை அழைப்பதுபோல் அவரை நானா என்றே அழைத்தார். "பலகை ஒங்கடதான், நானா. நாங்க கீறினத மட்டும் பரீட்சை முடியுமட்டும் வைங்க."

"அது சரி, நீங்க எப்ப திரும்பிப் போறது? அத மொதல்ல சொல்லுங்க."

"அது தெரிஞ்சா அதையும் கீறிக் காட்டியிருப்பன், நானா."

பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அழிக்க வேண்டும் என்ற முடிவு மாறவில்லை. பள்ளிக்கூட அதிபர் பாவம், அந்த ஊரிலேயே சோறு தின்ன வேண்டியவர். நனைத்த சாக்குத் துண்டால் அவரே அழித்தார். அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை, வாசலில் நின்றேன். பின்னேரப் பிள்ளைகள் வந்து, ஈரம் காயாத பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சின்னவள் விம்மத் தொடங்கினாள். ராத்தா பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. "கண்ண மூடுங்க எல்லாரும். இப்ப கீறுங்க." அத்தனை சின்ன விரல்களும் காற்றில் சுழன்றன, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. "நடுவுல என்ன?" "இறால், டீச்சர்." "அது எங்க போகும்?" எல்லாக் குரலும் சேர்ந்து சொன்னது: "கடலுக்குத் திரும்பிப் போகும்."

அடுத்த கிழமை பின்னேர வகுப்பு முகாமுக்குள் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. அங்கே பலகையே இல்லை, மணல்தான். அந்தப் பரீட்சையில் அவருடைய பிள்ளை ஒருத்தி தேறினாள். அதைச் சொல்ல ராத்தா வெயிலில் நடந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

எனக்கு மாற்றல் வந்தது, போர் ஓய்ந்தது, வருடங்கள் போயின. ராத்தா ஒருமுறை வடக்கே தன் ஊர் பார்க்கப் போய்த் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். "காணி காடாக் கெடக்கு, கிணறு தூந்துபோச்சு" என்றாராம். போன வருடம் இதே பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வந்தேன். வந்தும் உடனே போகவில்லை. போன மாதம்தான் அவரைத் தேடிப் போனேன். முகாம் இருந்த இடத்தில் இப்போது கல்வீடுகள். மகள் வாசல் படலையில் வைத்தே மெல்லச் சொன்னாள்: "உம்மாக்கு இப்ப ஆளுகள மட்டுக்கட்ட ஏலா. மறதி. குறை நினைக்காதீங்க."

முற்றத்துக் கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு மகளிடம் கேட்டார்: "எப்ப போறம்?" கொஞ்ச நேரத்தில் மறுபடி, "எப்ப போறம் மகள்?" மகள் ஒவ்வொரு தரமும் "நாளைக்கி உம்மா" என்றாள். எனக்கு இருக்க முடியவில்லை. ஈர்க்கு ஒன்றை எடுத்து அவர் காலடி மணலில் இரண்டு வட்டம் கீறினேன். கடல், களப்பு என்று எழுதினேன். நடுவை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற நேரத்தில் யாராலும் பறிக்க முடியாது என்று அவர் சொன்னது அவர் தலையில்தானே இருக்க வேண்டும்.

குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல படம்" என்றார். "யாரு சொல்லித் தந்த?"

"எங்கட டீச்சர் ஒராள்."

"கெட்டிக்காரி" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "எப்ப போறம்?"

இன்றைக்குப் பொடியன்கள் மறுபடி வந்து நிற்கிறார்கள். மழைக்கு முன்னே பலகையை உடைத்துக் கொண்டுபோக வேண்டுமாம். நான் இன்னும் துளைகளின் முன்னால்தான் நிற்கிறேன். சுண்டுவிரல் உள்ளே போகவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு துளையின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெண்கட்டித் தூளோ, பூச்சி முட்டையோ.

நான் அதை ஊதவில்லை.