ஆணி அடித்த கடல் வள்ளம்

செல்லையனைப் பெரிய மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அமரவிளையில் நெய்யாற்றுக்கு வள்ளம் செய்த தச்சர், பிடிவாதக்காரர். ஆயுள் முழுக்க ஆணியை நம்பினார். ஆற்றுக்கு அது சரிதான்.

1954 ஆகஸ்டில் துப்பாக்கிச்சூடு நடந்ததும், தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டக் கூட்டங்களில் பேசிய அவருடைய மச்சினன் யோசுவாவைப் போலீஸ் தேடியது. சாலையெங்கும் சோதனை. பொழியூரிலிருந்து கடல் வழியே துடுப்புப் போட்டு, சென்னை மாநிலத்து இடிந்தகரையை அடைந்தால்தான் தப்பலாம். வள்ளம் தந்து கூட வரவும் சம்மதித்தவர் பொழியூர் மீன் வியாபாரி கிருஷ்ணன்குட்டி. செல்லையனின் சிநேகிதர், அந்தப் போராட்டமே பிடிக்காத மலையாளி.

கடல் வள்ளத்தில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்குகளில் தேங்காய் நார் திணித்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் மிதக்க, முனையில் வாய் அடைத்த தகர டின்கள்.

செல்லையன் சிரித்தார். "கயிறு கட்டுனது கட்டிலாக்கும், வள்ளம் இல்ல."

"எங்கில் நீ அதில கிடந்து உறங்கு. வள்ளத்தில கை வைக்காத," என்றார் கிருஷ்ணன்குட்டி.

அவர் குடிதண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் செல்லையன் கை வைத்தார். நடுத் தையலின் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து ஆணி அடித்தார். நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தால் பலகை உறுதிப்படுவதில்லை.

விடியல் இருட்டில் மூவரும் கிளம்பினார்கள். கரை மங்கியபோது பெரிய அலை ஒன்று வள்ளத்தைத் தூக்கி இறக்கியது. தையல்கள் முனகி வளைந்தன, சட்டம் வளையவில்லை. அதனடியில் பலகை பிளந்து தண்ணீர் பீறிட்டது.

"அத்தான், வெள்ளம் ஏறுது!" யோசுவா ஒரு தகரக் குவளையால் இறைத்தான்.

"ஆரு அடிச்சது இது?" துடுப்பை விடாமல் கேட்டார் கிருஷ்ணன்குட்டி.

"நான்தான்."

"பிடுங்குலே! இன்னும் ரெண்டு அலையில பலகை முழுசும் போவும்."

பிடுங்கினால் ஆணித் துளைகளிலும் தண்ணீர் வரும். செல்லையன் தயங்கினார். மறு அலையில் பிளவு ஒரு சாண் நீண்டது. முட்டிபோட்டு, குறடால் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார். துளைகளிலும் தண்ணீர் வந்தது. இடுப்பு வேட்டியை அவிழ்த்துக் கிழித்துப் பிளவில் திணித்து, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

அடுத்த அலையில் வள்ளம் முழுதும் வளைந்து நிமிர்ந்தது. பிளவு நீளவில்லை.

"ஆணிய விட உனக்க குண்டி கொள்ளாம், நல்லா அடைக்குது," என்றார் கிருஷ்ணன்குட்டி. "அனங்காத இரி."

அசையாமல் இருந்தார். மற்ற இருவரும் துடுப்புப் போட்டார்கள்.

மறுநாள் இடிந்தகரை மணலில் இறங்கியதும் யோசுவா குப்புற விழுந்து அழுதான். செல்லையன் மன்னிப்புக் கேட்பார் என்று கிருஷ்ணன்குட்டி காத்திருந்தார். கேட்கவில்லை.

"இது உனக்க நாடாக்குமே. ஒரு சாயா வாங்கித் தா," என்றார் கிருஷ்ணன்குட்டி.

"நீ போய் வேண்டிக் குடி," என்றார் வள்ளத்தைவிட்டு இறங்காத செல்லையன். "எனக்கு உடுக்க ஒண்ணும் இல்ல."