சிக்னல் அத்தான்

எங்கள் வீட்டுக்குப் புது வோஷிங் மெஷின் வந்த அன்று அத்தான் அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே சுழன்றதென்னவோ பழைய துவாய்கள்தான். ஆனால் மனுசன் இருந்த இருப்பைப் பார்த்தால் கச்சேரி கேட்க வந்தவர் மாதிரி இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் நின்றதும் தலையை ஆட்டினார். மெஷின் கொஞ்சம் தயங்கி மற்றப் பக்கம் சுழலத் தொடங்கியபோது, "பாத்தியா, துணி எவ்வளவு கனம்னு பாத்துட்டு அப்புறம்தான் முடிவு பண்ணுது" என்று எனக்கு விளக்கினார். அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னை முதன்முதலாச் சந்திச்ச அண்டும் இந்த மனுசன் இவ்வளவு உத்துப் பாக்கேல்லை" என்றாள்.

அத்தான் மலேசியாவில் ஈப்போக்காரர். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். அவர் சைவம். அக்காவும் அவரும் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் சந்தித்துக் கலியாணம் முடித்து, மனுரேவாவில் ஒரு பழைய மரவீட்டை வாங்கியிருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் அவர்களோடுதான் இருந்தேன். காலையில் ரயிலேறி நகர மையத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்குப் போய்வருவேன். அத்தானுக்கு எல்லர்ஸ்லியில் வேலை. வீதிச் சந்திகளில் இருக்கும் சிக்னல் விளக்குகளுக்கு புரோகிராம் எழுதுகிற ஒரு கம்பனி. எந்தப் பக்கத்துக்கு எப்போது பச்சை, எவ்வளவு நேரம் பச்சை என்பதெல்லாம் அவரும் அவருடைய கூட்டாளிகளும் இருந்து யோசித்து வைப்பதுதான். அதனால் எங்கள் சனத்துக்குள் அவருக்கு சிக்னல் அத்தான் என்று பெயர் விழுந்துவிட்டது. யாராவது ஒருவர் சிவப்பில் நின்று பிந்தி வந்தால் அவரைத்தான் ஏசுவார்கள். அவரும் மன்னிப்புக் கேட்பார்.

அவரோடு கடைக்குப் போனால் போன காரியம் நடக்காது. வங்கிச் சுவரில் இருந்த காசு மெஷின், சுப்பர்மார்க்கெட்டில் தானாகத் திறக்கிற கதவு, எங்கள் அலுவலகத்து லிஃப்ட், நாடகம் பதிவு செய்ய நேரம் குறித்து வைக்கிற வீடியோ டெக், ஒன்றை அமுக்கு இரண்டை அமுக்கு என்று போனில் பேசுகிற குரல், எல்லாவற்றுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். எங்களுக்கு அவை பெட்டிகள். அவருக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒரு ஆள் இருந்து யோசித்த யோசனை. நல்ல யோசனையென்றால் சந்தோசப்படுவார். அந்த லிஃப்ட் காலையில் சனம் வருகிற நேரம் தானாகவே கீழ்மாடிக்கு வந்து காத்துநிற்பதை நான் இரண்டு வருடமாகக் கவனிக்கவில்லை. அவர் ஒருமுறை என்னைப் பார்க்க வந்தபோதே கண்டுபிடித்துச் சொன்னார். போன் குரல் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "இது எழுதுன ஆளு ஒரு தடவகூட அவசரத்துல போன் பண்ணிருக்க மாட்டான்" என்பார்.

அம்மா தவறிய பிறகு அப்பாவை இங்கே கூப்பிட்டோம். ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் கதைக்கமாட்டார். வந்த கிழமையே எங்கள் வீதிக்கு அப்பால், பெரிய ரோட்டைக் கடந்து ஒரு கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது, அங்கே தினமும் காலைப் பூசை நடக்கிறது என்று தானே அறிந்துகொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் முகம் மழித்து, அயன் பண்ணிய சேட் போட்டு, குடையும் கையுமாகப் புறப்படுவார். இங்கிலிஸ் பூசைதான். ஆனால் எழும்புகிற இடமும் முழங்காலில் நிற்கிற இடமும் எங்கேயும் ஒன்றுதானே. அம்மா போன பிறகு அந்தப் பூசைதான் அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது.

ஒருநாள் அந்தப் பெரிய ரோட்டின் சந்தியில் ஒரு வான் கிறீச்சிட்டு நின்றது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, குடைதான் வானின் சில்லுக்கடியில் போய் நெளிந்துவிட்டது. வான்காரனே அப்பாவை ஏற்றிவந்து வீட்டில் விட்டான். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டானாம். பாவம் என்று அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அப்பா "என்னிலைதான் பிழை" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

இனித் தனியாகப் போகக்கூடாது என்று அக்கா சொன்னாள். தானே கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள். "என்னைக் கையில பிடிச்சுக்கொண்டு போறதெண்டா வேண்டாம் பிள்ளை" என்றார் அப்பா. அதோடு பூசை நின்றது. பிறகு முகம் மழிப்பது நின்றது. யன்னலோரத்துக் கதிரையில் காலையில் இருந்தால், நான் வேலை முடிந்து வரும்போதும் அதே கதிரையில் இருப்பார். எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது. கண்ணுக்கு முன்னால், கதிரையில் இருக்க இருக்கவே அவர் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டிலேயே சிக்னல்காரர் இருக்கிறார். வேறென்ன வேண்டும்? நானும் அக்காவும் அத்தானைப் பிடித்துக்கொண்டோம். அந்தச் சந்தி அவருடைய கம்பனியின் கையில்தான் இருந்தது. கிழவர் நடந்து முடிக்கிறதுக்குள் நேரம் முடிகிறது, ஆட்கள் கடக்கிற பச்சையைக் கொஞ்சம் நீட்டிவிடுங்கோ என்றோம். அவர் முடியாது என்றார். "வீட்டு ஆளுக்காக மாத்துனா, நாளைக்கு என் கைய நானே நம்ப முடியாது" என்றார். அக்காவுக்கு மூக்குநுனியில் கோபம். "வோஷிங் மெஷினுக்கு இருக்கிற இரக்கம் என்ர அப்பாவுக்கு இல்லையோ?" என்று கேட்டுவிட்டு அவரோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில் எல்லாம் தெரிந்தது.

அத்தான் ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவைத்து, அப்பாவிடம் போனார். "ஒரே ஒரு தடவ போய்ட்டு வாங்க மாமா. நான் பக்கத்துல வரமாட்டேன்" என்றார். அப்பா எழுந்து முகம் மழித்தார். அத்தான் சந்திக்கு இந்தப் பக்கம் டெயரி என்கிற மூலைக்கடை வாசலில், பேப்பர் வாசிக்கிறவர் மாதிரி நின்றாராம்.

அன்று மாலை அத்தான் தான் கண்டதை எங்களுக்குச் சொன்னார். அப்பா கம்பத்தடியில் போய் நின்றார். அதில் இருந்த பட்டனை அமுக்கவில்லை. சிக்னல் வாகனங்களுக்கு மாறி மாறிப் பச்சை காட்டியது. நடக்கிற பச்சை மனுசன் வரவேயில்லை. அமுக்காமல் எப்படி வரும்? அந்தப் புரோகிராமைப் பொறுத்தவரை அந்தக் கம்பத்தடியில் ஆளே இல்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்து அமுக்கியது. அதோடு சேர்ந்து அப்பா தாராளமாகக் கடந்தார். யாரும் வராத நாளில்தான், வாகனம் குறைகிற நேரம் பார்த்து இறங்கி அந்த வானுக்கு முன்னால் போயிருக்கிறார். பட்டன் எதற்கென்று அவருக்குத் தெரியும். அத்தான் கேட்டபோது அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நான் ஒருத்தன் போறதுக்கு இவ்வளவு சனத்தையும் மறிக்கிறதோ? எல்லாம் வேலைக்குப் போற சனம். ரோட்டில மறிச்சு வச்சா எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும் தம்பி."

எங்களுக்கும் தெரியும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று யுத்தகாலச் சோதனைச் சாவடியில் மறித்துவைக்க அவர் வெயிலில் நின்ற நிலையை, அப்போது ஊருக்குப் போயிருந்த அக்கா கண்ணால் கண்டவள். அவள் எழுந்து குசினிக்குள் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அத்தான் அப்பாவைச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். பக்கத்துச் சிறு வீதி பெரிய ரோட்டில் வந்து சேருகிற இடத்தில், தாரில் சதுரமாகக் கீறிய கோடு ஒன்று இருக்கும். எத்தனையோ தரம் அதில் மிதித்துப் போயிருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை. அத்தான் அதைக் காட்டினார். ஒரு கார் வந்து, சதுரத்துக்குக் கொஞ்சம் பின்னால் நின்றது. சிவப்பு மாறவில்லை. பெரிய ரோட்டில் வாகனங்கள் போய்க்கொண்டேயிருந்தன. கார்க்காரன் பொறுமையிழந்து காரை முன்னுக்கு உருட்ட, சில்லு சதுரத்தில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பச்சை வந்தது.

"கீழ கம்பி பொதச்சிருக்கோம் மாமா. அதுமேல வந்து நின்னா, எனக்கும் வழி குடுன்னு கார் கேக்குதுன்னு அர்த்தம். கேக்காத வரைக்கும் அது கெடக்கும். அவங்களுக்குக் கம்பி, உங்களுக்குப் பட்டன். நீங்க யாரையும் மறிக்கல. எல்லாரும் கேக்கறாங்க, நீங்களும் கேக்கறீங்க. வரிசைல உங்க முறை வருது, அவ்வளவுதான்."

அப்பா இன்னும் இரண்டு மூன்று கார்கள் வந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்கத் தபாற்கந்தோரில் வரிசை பார்த்தவர். "அப்ப காரும் கேட்டுத்தான் போகுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கம்பத்தடிக்குப் போய்ப் பட்டனை அமுக்கினார்.

பச்சை மனுசன் வந்தான். வாகனங்கள் நின்றன. எங்கள் அப்பா ரோட்டில் இறங்கி, முதல் காருக்கு முன்னால் நின்று, நெஞ்சில் கைவைத்து அந்த ஓட்டுநருக்குத் தலை குனிந்தார். பிறகு அடுத்த காருக்கு. பிறகு மறுபக்கத்து வாகனங்களுக்கும். தனக்காக நின்றவர்களுக்கு நன்றி சொல்லாமல் எப்படிப் போவது? நடுரோட்டைத் தாண்டியதும் சிவப்பு மனுசன் சிமிட்டத் தொடங்கிவிட்டான். அக்கரை சேரும்போது வாகனங்கள் உறுமிக்கொண்டிருந்தன. ஒருவன் ஹோர்ன் அடித்தான். அப்பா அவனுக்கும் கையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"இஞ்சருங்கோ, கும்பிடு போட வேண்டாமெண்டு அப்பாட்டச் சொல்லுங்கோவன்" என்று அக்கா அன்று அத்தானிடம் கெஞ்சினாள். கோபம் தீர்ந்து கதைக்கத் தொடங்கியிருந்தாள். "அத மட்டும் நான் சொல்ல மாட்டேன்" என்றார் அவர்.

அடுத்த கிழமை முழுக்க அவர் பூசை நேரத்தில் அந்த டெயரி வாசலில்தான் நின்றார். இந்த முறை அப்பாவை மட்டும் பார்க்கவில்லை. வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஆறுதலாக, மெல்ல மெல்ல நடந்து வருகிற சமோவா நாட்டு வயதான பெண்கள், தள்ளுவண்டியில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு போகிற தாய்மார், ஊன்றுகோல்காரர், எல்லோரையும் பார்த்தார். பாதிப்பேர் சிவப்பு மனுசனோடுதான் அக்கரை சேர்ந்தார்கள். ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை, தங்கள் கால்களைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். காலை நேரத்தில் பெரிய ரோட்டை நிறுத்தினால் நெரிசல் கூடும் என்று கம்பனியில் மேலாளர் மறுத்திருக்கிறார். அத்தான் அவரைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, பூசை முடிகிற நேரத்தில் அந்தச் சந்தியில் நிற்கவைத்தார். பூசை நேரங்களுக்கு நடக்கிறவர்களின் நேரம் கூடியது அப்படித்தான். முதலில் முடியாதென்றவர் இப்போது எப்படிச் செய்தீர்கள் என்று நான் சீண்டினேன். "அப்ப மாமாவுக்குக் கேட்டீங்க. இது எல்லாருக்கும்லா" என்றார்.

இன்று என் கைப்பையில் கிடக்கிற போனுக்குள் எத்தனை புரோகிராம்கள் என்று எனக்கே தெரியாது. என் நடையை அளக்கிறது, தூக்கத்தை அளக்கிறது, நான் கேட்காததையெல்லாம் கொண்டுவந்து நீட்டுகிறது. என்னை அவை நன்றாகத்தான் கவனிக்கின்றன. ஆனால் கடை வாசலில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கிழவர் ஏன் பட்டனை அமுக்கவில்லை என்று நின்று பார்த்த கவனிப்பு வேறு. அப்படியொரு ஆளை நான் பிறகு காணவில்லை.

சிக்னல் மாறியதை அப்பாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஓரிரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு அன்று நல்ல உசார். மீன்குழம்பை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார்.

"இந்த நாட்டுச் சனம் வரவர நல்ல பொறுமையாகிட்டுது, தம்பி" என்றார் அத்தானிடம். "முந்தி நான் பாதி ரோட்டில போகேக்கையே உறுமிக்கொண்டு நிப்பினம். இப்ப நான் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி முடியுமட்டும் ஒருத்தரும் அசையினமில்லை."

அக்கா வாயைத் திறந்தாள். அத்தான் மேசைக்குக் கீழே அவள் காலை மெல்ல மிதித்தார்.

"ஆமா மாமா" என்றார். "நல்ல சனங்க."