கிணற்றுக்கு எழும்பிய தேங்காய்

மை போட்டுப் பார்ப்பது, மந்திரித்துக் கயிறு கட்டுவது, இதிலெல்லாம் எனக்கு அன்றும் நம்பிக்கை கிடையாது, இன்றும் கிடையாது, மக்களே. ஏழாம் வகுப்போடு நின்றவன்தான் நான், ஆனாலும் எதையும் சோதித்த பிறகே நம்ப வேண்டும் என்று வாத்தியார் சொன்னதை மட்டும் விடவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நடந்ததைச் சொல்கிறேன்.

திருக்கொச்சி ஆட்சிக் காலம். ஆரல்வாய்மொழி மலையடியில் நம்முடைய பிச்சிப்பூத் தோட்டத்துக்குக் கிணறு தோண்டப் போய், பாறையில் முட்டி நின்றுவிட்டது. அடுத்த குழியும் பொய்த்தால் செடிகள் கோடையைத் தாண்டாது, தோட்டத்தை விற்க வேண்டியதுதான். உங்கள் தாத்தா, என் மாமனார், உடனே பெரிய மருமகன் முத்தையாவுக்கு ஆள் அனுப்பினார்.

முத்தையா என் சகலை, உங்கள் பெரியப்பா. உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நடப்பார், அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் எழும்பி நிற்கும் என்பார்கள். அந்த வீட்டில் எப்போதும் அவர் பேச்சுதான். அன்று அவருக்காக உங்கள் அம்மை பாயசம் வைத்தாள். நான் கேட்டால் வெல்லம் இல்லை என்பாள். எனக்கு வயிறு எரிந்தது.

தேங்காயை நானே எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன், தண்ணீர் நன்றாகக் குலுங்கியது. முத்தையா நடந்தார், புளியமரத்தடியில் தேங்காய் எழும்பியது. “கண்ணைக் கட்டிவிட்டு நடக்கட்டும்” என்றேன். கட்டினோம். அதே புளியமரத்தடியை எத்தனையோ தரம் மிதித்தார், தேங்காய் அசையவே இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

உங்கள் அம்மைக்குக் கோபம். “அத்தானைக் கண்ணைக் கெட்டி ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்தா எப்படி வரும்?”

முத்தையா துணியை அவிழ்த்து என்மேல் எறிந்தார். “சகலை, நீரே பிடியும் வே. உம்ம ஏழாங்கிளாஸ் எழும்புதான்னு பாப்போம்.”

கண்ணைக் கட்டிக்கொண்டு அதே தேங்காயோடு நானும் நடந்தேன். நம்பினால் நம்புங்கள், ஓரிடத்தில் தேங்காய் என் கையில் எழுந்தது, படுத்திருக்கும் குழந்தை கையூன்றி எழுமே, அந்த மாதிரி. துணியை அவிழ்த்தால், பழைய குழியின் பாறை ஓரத்தில் நிற்கிறேன். மாமனார் என்னைச் சுற்றிவிட்டு மறுபடி நடக்கச் சொன்னார். மறுபடியும் அதே இடம்.

“சின்ன மருமவனுக்கும் கை இருக்குடே!” என்றார். எத்தனை வருஷம் காத்திருந்த பேச்சு அது! முத்தையா முகத்தைப் பார்த்தேன். என் வயிற்றில் எரிந்தது இப்போது அவர் கண்ணில் எரிந்தது.

“உள்ள என்னமோ வச்சிருக்கான்!” என்று தேங்காயைப் பிடுங்கி அந்தப் பாறையிலேயே அடித்தார்.

அங்கே தோண்டினோம், தண்ணீர் வந்தது. இன்றும் அந்தக் கிணறு வற்றவில்லை. அதற்குக்கூட நான் காரணம் சொல்வேன்: பாறை இடுக்கில் ஊற்று இருக்கும், நமக்குத் தெரியாமலே கைச்சதை அசையும், ஒருநாள் பலித்தது நிரூபணம் ஆகாது. அதற்குப் பிறகு எத்தனையோ தேங்காய் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் எழும்பவில்லை.

ஆனால் முத்தையா உடைத்த அந்தத் தேங்காய்? பருப்பு பால்போல வெளுத்திருந்தது, ஓட்டில் பழைய விரிசல் இல்லை, கண்ணில் ஓட்டை இல்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாறைகூட நனையவில்லை. நான் காதோரம் ஆட்டிக் கேட்ட தேங்காய், மக்களே. இன்றும் சந்தையில் தேங்காயை ஆட்டிப் பார்க்காமல்தான் வாங்குகிறேன்.