ஆடு தின்ற குடையும் துருக்கித் தொப்பியும்

பினாங்கில் நான் வேலை பார்க்கும் வாசகசாலையின் துரைசானி, தினமும் காலையில் என்னைக் கண்டதும் நெஞ்சு, உதடு, நெற்றி என்று மூன்று இடம் தொட்டுக் குனிந்து ஒரு சலாம் போடுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்படியொரு சலாம் பழக்கமில்லை. "குட் மார்னிங், மேடம்" என்கிறேன். பாவம், அந்த அம்மாள் முகம் தொங்கிப்போகிறது. புலி பார்க்க வந்தவருக்குப் பூனையைக் காட்டிவிட்ட குற்றவாளியாக நான் நிற்கிறேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் படிக்கிற நாவல்கள் அப்படி. ஒன்றை எனக்கும் கொடுத்தார். அதில் வரும் முஸ்லிம் யாரும் நடப்பதே இல்லை. எல்லாரும் குதிரையில் பறக்கிறார்கள். இடுப்பில் குறுவாள், கண்ணில் கனல், வீட்டில் நாலு மனைவி. என் இடுப்பிலோ அலமாரிச் சாவிக்கொத்து. மனைவி ஒருத்திதான். ஆயிஷா, ராஜபாளையத்தில் தன் அத்தாவோடு, என் மாமனார் வீட்டில் இருக்கிறாள். அந்த ஒருத்திக்குப் பதில் சொல்லவே எனக்கு நாக்குப் போதாது. எங்கள் பக்கத்தில் கண்ணில் கனல் கக்கியவை ராஜபாளையத்து நாய்கள் மட்டுமே. ஆடிப்பூரத் தேரன்று என் அத்தா கடையைச் சாத்திவிட்டு, வடம் பிடிக்கிறவர்களுக்கு மோர் ஊற்றுவார். இதையெல்லாம் சொன்னால் துரைசானி, "நீங்கள் உண்மையான முகம்மதியர்தானா?" என்று கவலையோடு கேட்கிறார். கடல் தாண்டி வந்தவர்களுக்கு இந்தச் சங்கடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது ஆயிஷாவின் கடிதம். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். ஆகவே குர்ஆன் ஓதப் படித்த அரபு எழுத்திலேயே அவள் தமிழை எழுதிவிடுவாள். அரபுத்தமிழ் என்று இதற்குப் பெயர். எழுத்து அரபு, பேச்சு சுத்தமான ராஜபாளையம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து கடிதத்தை அப்போதுதான் பிரித்தேன். வலமிருந்து இடமாக என் விரல் ஓடுவதைத் துரைசானி பார்த்துவிட்டார். உள்ளே வந்துகொண்டிருந்தவர்களை, உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாமல் போகச் சொன்னார்.

"புனித நூலா?"

"இல்லை மேடம், என் மனைவி எழுதிய கடிதம்."

என் அடக்கத்தை மெச்சிச் சிரித்தார். உள்ளே அவருடைய வாசகர் வட்டம் கூடியிருந்தது. கையோடு அழைத்துப் போய் நடுவில் நிறுத்தி, "கொஞ்சம் வாசியுங்கள்" என்றார். மேலதிகாரியாயிற்றே! வாசித்தேன்.

"மச்சானுக்கு ஸலாம். நீங்க மாட்டிட்டுப் போன குடைய ஆடு தின்னுபோட்டு. கம்பிய மட்டும் விட்டு வச்சிருக்கு. வத்திராயிருப்பு மாங்கா வந்திருக்கு, எம்புட்டுப் புளிப்புங்கிறீக..."

ஆறு சீமாட்டிகளும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆடு குடையைத் தின்ற இடத்தில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! அந்தச் சிரிப்போடுதான் அடுத்த வரிகளுக்குப் போனேன்.

"மச்சான், மிஷன் ஸ்கூல் டீச்சரம்மா எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தாரேங்காக. பஸ்ஸுல என்ன ஊரு போட்டிருக்குன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்காம நானா ஏறணும். பேப்பர் படிக்கணும். அத்தா, மாப்பிள்ளை சொன்னாத்தான்னு நிக்காக. ஒரு வார்த்தை எழுதுங்க."

கடைசி வரியை மறுபடி மெதுவாக வாசித்தேன். துரைசானி பக்கத்திலிருந்த பெண்ணிடம், "இதுதான் ஆழமான பகுதி போலிருக்கிறது" என்று கிசுகிசுத்தார்.

மறுநாள் பதில் எழுதினேன். கூடாது என்று எழுதவில்லை. அதைவிட மோசமாக எழுதினேன். 'இந்த எழுத்து நம் அடையாளம். இதை விட்டுவிடாதே. சீமாட்டிகளே இதைக் கேட்டுக் கண் கலங்கினார்கள். டீச்சரம்மா விஷயத்தைப் பிறகு பார்ப்போம்.' பிரமாதமாக எழுதிவிட்டோம் என்று ஒரு பூரிப்பு வேறு. திங்கட்கிழமை காலையில் தபாலில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

என் மேஜைமேல் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி. "உங்களுக்குத்தான். இது உங்கள் அடையாளம். விட்டுவிடாதீர்கள்" என்றார் துரைசானி. துருக்கியிலேயே அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள் என்று அவருடைய வாசகசாலைப் பத்திரிகையில்தான் படித்திருந்தேன். வந்த சிரிப்பு பாதியில் நின்றது. ஆயிஷாவுக்கு நான் எழுதிய வாசகமல்லவா இது! அவர் எனக்குத் தொப்பி போட்டார்; நான் அவளுக்குப் போட்டிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

தபாலாபீசுக்கு ஓடினேன். பையைக் கட்டி அனுப்பியாகிவிட்டது. 'படி. இன்றைக்கே தொடங்கு. நான் சொன்னதாக மாமாவிடம் சொல்' என்று இன்னொரு கடிதம் எழுதினேன். அது அடுத்த கப்பலில்தான் போகும். முதல் கடிதத்தைக் கேட்டு மாமா ஒரு தடவை வேண்டாம் என்றுவிட்டால், பிறகு நானே நேரில் போய் நின்றாலும் அவரை அசைக்க முடியாது. அடுத்து வந்த வாரங்களில் துரைசானி கொடுத்த தொப்பியைத் தினமும் போட்டுக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

நேற்று அவள் பதில் வந்தது. படிக்கட்டிலேயே பிரித்தேன்.

"மொதக் கடுதாசியில என்ன எழுதியிருக்காகன்னு அத்தா கேட்டாக. ஆடு தின்னுட்டுன்னு சொல்லிட்டேன். குடையத் தின்ன ஆடு கடுதாசியத் தின்னாதாக்கும்? ரெண்டாவதத்தான் வாசிச்சுக் காட்டுனேன். அதுக்கு முன்னாலயே டீச்சரம்மாகிட்டப் போக ஆரம்பிச்சாச்சு. உங்களுக்கு அங்க போயும் புத்தி செத்த நேரம் கழிச்சுத்தான் வருது."

ஒவ்வொரு வரியும் இடக்கோடியில் கோணல்மாணலான தமிழ் எழுத்தில் தொடங்குகிறது. அவள் இன்னும் படிக்காத எழுத்து வந்ததும் வலக்கோடிக்குத் தாவி, அங்கிருந்து அரபெழுத்தில் திரும்பி வந்து, நடுத்தாளில் முட்டி நிற்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

துரைசானி குனிந்து பார்த்தார். "இதை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பீர்கள்?"

"தெரியவில்லை, மேடம்" என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடக்கோடியில் ஒரு விரலும் வலக்கோடியில் ஒரு விரலுமாக மறுபடி முதல் வரிக்குப் போனேன்.