அக்கா அடிக்காத மணி

ஒயர்மேனுக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. இருபத்திரண்டு வயதில் சபை ஊழியத்துக்கென்று மலைப்பக்கம் போனவள், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் நாற்பத்தைந்து வருடம் அங்கேயே உழைத்துவிட்டு, ஒரு பெட்டியும் தேய்ந்த முழங்காலுமாகத் திரும்பி வந்தாள்.

"என் வீட்டுக்கே வந்துடுக்கா" என்று அவர் சொல்லாத நாளில்லை.

"உன் மருமக நல்லவடா. நல்லவளை ஏன் சோதிக்கணும்?" என்று சிரித்துவிட்டு, ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கான இல்லத்தின் கடைசி அறையில் போய்த் தங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் ஒயர்மேன் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். பக்தியினால் அல்ல, ஜெபம் கொஞ்சம் நீண்டாலே அவருக்குக் கண் செருகிவிடும். அக்காவைப் பார்க்கத்தான் போனார். ஆனால் சும்மா இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. முனகும் மின்விசிறிகளைச் சரிசெய்தார். பொசுங்கிய பிளக்குகளை மாற்றினார். தோளைத் தூக்க முடியாதவர்களுக்காக ஸ்விட்சுகளை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். கடைசியாகப் பன்னிரண்டு கட்டில்களின் தலைமாட்டிலும் அழைப்பு மணிக்குப் பொத்தான் வைத்தார். அழுத்தினால் நர்ஸ் அறையில் மணி அடிக்கும். எந்த அறை என்று விளக்கும் எரியும்.

மூன்றாம் அறைப் போதகர் முதல் நாளே ஏழு தடவை அடித்தார். ஏழாவது தடவை நர்ஸ் மூச்சிரைக்க வந்தபோது, "வேலை செய்யுதான்னு பாத்தேம்மா" என்றார்.

அக்கா மட்டும் தொடவேயில்லை. "ஒரு தடவை அடிச்சுப் பாருக்கா."

"நீ போட்டதுடா, வேலை செய்யாம எங்கே போகும்?"

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தேநீர் கொண்டுபோன நர்ஸ், அக்கா கட்டிலில் சாய்ந்தபடியே போயிருப்பதைக் கண்டாள். மாரடைப்பு. உடனே தெரிந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றார் வந்த மருத்துவர்.

சேதி கேட்டு ஓடிவந்த ஒயர்மேன் அழவில்லை. டெஸ்டரை எடுத்துப் பொத்தானைக் கழற்றினார். ஒயரை நூல் பிடித்தாற்போல் நர்ஸ் அறைவரை பார்த்துக்கொண்டே போனார். ஒரு இணைப்பாவது விட்டிருக்கக்கூடாதா, தப்பு தன் தலையில் விழக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வந்து மாட்டி அழுத்தினார். அந்த முனையில் மணி கணீரென்று கேட்டது.

அடுத்த அறைப் போதகரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மதியமே நெஞ்சு பிசையுதுன்னாங்க தம்பி. பெல்லை அடிங்கன்னேன். 'நர்ஸ் இப்பதான் சாப்பிட உக்காந்தா, பாவம், ரெண்டு வாய் சாப்பிடட்டும்'னாங்க. அப்புறம் நானும் அசந்து தூங்கிட்டேன்."

அப்போதுதான் அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து மூன்று சனிக்கிழமை அவர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நான்காவது சனிக்கிழமை, கருவிப்பை இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். ஒவ்வொரு அறையாகப் போய் உட்கார்ந்தார்.

"அடிங்கம்மா" என்றார் போதகரம்மாவிடம்.

"காரணமே இல்லாம ஒருத்தரைக் கூப்பிடறதா?"

"ஆண்டவர்கிட்ட கேளுங்கன்னு ஆயுசு முழுக்க ஊருக்கே சொன்னீங்க. மனுஷங்ககிட்ட கேக்க மட்டும் ஏம்மா கை வரல?"

அவள் அழுத்தினாள். நர்ஸ் வந்ததும், "மன்னிச்சுக்கோம்மா" என்றாள்.

"மன்னிப்பு வேண்டாம். மறுபடி அடிங்க" என்றார் ஒயர்மேன்.

அவள் மன்னிப்புக் கேட்பதை விடும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. நர்ஸும் முகம் சுளிக்காமல் ஐந்து தடவை வந்து போனாள்.

அக்காவின் அறைக்குப் புதிதாக ஒரு வயதான சகோதரி வந்திருந்தார். அங்கே மட்டும் ஒயர்மேனால் நுழைய முடியவில்லை. நர்ஸையே சொல்லிக்கொடுக்க அனுப்பிவிட்டு, அவளுடைய அறையில் காத்து நின்றார். சற்று நேரத்தில் மணி அடித்தது. பன்னிரண்டாம் விளக்கு எரிந்தது.

அணைக்கக் கை நீட்டினார், அணைக்க மனம் வரவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அடித்துக்கொண்டேயிருந்த மணிக்கு நடுவே, "அக்கா, அக்கா" என்று வாய்விட்டு அழுதார்.