காயப்போட்ட மண்

1. தாளில் பரப்பிய தப்பு

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க என் கைக்குப் பழகியது ஒரே வரிசைதான். மண் வந்தால் தாளில் பரப்பி நிழலில் காயப்போடு, மரச் சுத்தியலால் தட்டு, சல்லடையில் சலி. உப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்று பார்க்க அது போதும். அந்தப் பழக்கம்தான் பேச்சியம்மாள் அக்காவின் நிலத்தைக் கவிழ்த்தது.

மாப்பிள்ளையூரணிப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர். பக்கத்து உப்பளத்துத் தண்ணீர் கசிந்து நிலம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எங்கள் ஆபீஸ் சோதனைக்காக அங்கே உமரிச் செடி நட்டது. உமரி உப்பை உறிஞ்சும். அதன் வேரில் கசிவதைத் தின்று மண்ணில் பாக்டீரியா பெருகும். மண் தேறினால் பிறகு கம்பு போடலாம். பாக்டீரியா கூடவில்லை என்றால் செடியைப் பிடுங்கிவிட்டு, நிலம் உழவுக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அதுவும் உப்பளமாகிவிடும்.

வேரை ஒட்டிய மண்ணையும் வெறுந்தரை மண்ணையும் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தேன். ஈரம் போகுமுன் மண்ணைக் கரைத்து, பாக்டீரியா வளர்த்து எண்ணும் தட்டில் ஊற்றி பிளேட் போட்டிருக்க வேண்டும். நானோ பழக்க தோஷத்தில் ஒரு வாரம் காயப்போட்டேன். உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கொண்டுவந்த மண்ணை நானே கொன்றேன். பிறகு போட்ட இரண்டு பிளேட்டிலும் வித்தியாசம் சொல்லும்படி ஒன்றுமில்லை. அதிகாரி, செடியால் பயனில்லை என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

2. இரண்டு கட்டி மண்

சேதி தெரிந்து பேச்சியம்மாள் அக்கா ஆபீசுக்கே வந்தார். கேரிபேக்கிலிருந்து இரண்டு கட்டி மண்ணை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"செடி நிக்க இடத்து மண்ணு பொலபொலன்னு உதிருது. சும்மா கெடந்த மண்ணு கல்லாட்டம் இருக்கு. இதப் பாக்க ஒங்களுக்கு மிசினு வேணுமோ?"

தொட்டேன். ஈரமாக இருந்தது. அப்போதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. மறுநாளே போய் மண் எடுத்து அன்றைக்கே பிளேட் போட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால், வேர் மண்ணில் எண்ண முடியாதபடி பாக்டீரியாப் புள்ளிகள். வெறுந்தரை மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றும்.

இரண்டையும் அதிகாரியிடம் காட்டித் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட்டு போயாச்சுவே. இனிமே மண்ணக் காயப்போட்டுட்டோம்னு சொன்னா ஆபீசுக்குத்தான் கேவலம். பாப்போம்."

என் தப்பு தெரியாமல் நடந்தது. இவர் தெரிந்தே அதைக் காப்பாற்றினார். ஆபீசுக்குக் கேவலம் வரக்கூடாதாம், ஒரு குடும்பம் நிலத்தை இழந்தால் பரவாயில்லையாம்.

3. மறு ஆய்வு

அவர் பார்க்கவே இல்லை. கடைசியில் நானே என் பெயரில் மேலே எழுதினேன். அனுமதி இல்லாமல் எழுதியதற்கு முதலில் மெமோ வந்தது. பிறகு மறு ஆய்வு ஆர்டர் வந்தது. ஐஸ் பெட்டியோடு போய் இறங்கினால், நிலத்தில் உமரி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கி வரப்போரம் குவித்திருந்தார்கள். அக்கா அங்கேதான் நின்றார்.

"கொன்னுபோட்டுட்டு, உசிரு இருக்கான்னு பாக்க வந்தீயளாக்கும்."



கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மண்ணைத் தொடுமுன் எதற்காக என்று கேளுங்கள். தப்பு தெரிந்த அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். அதிகாரியின் 'பாப்போம்' என்ற சொல்லை நம்பி நான் நான்கு நாள் சும்மா இருந்தேன். அந்த நான்கு நாளில்தான் செடியைப் பிடுங்கினார்கள்.